மஞ்சள் வாளிக்குள் என்ன இருக்கிறது?

தாய்லாந்துக்குச் சுற்றுலா சென்று திரும்பும் நமது வணிகப் பெருமக்களைக் கேட்டால், ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சொங்கிரான் தண்ணீர்த் திருவிழாவைப் பற்றித்தான் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். நல்ல விழாதான். நமது சித்திரைப் புத்தாண்டைப் போலவே சூரியன் மேஷத்தில் நுழைவதை ஒட்டிப் பிறந்தது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த நாள்களில் அங்குள்ள சிறு கடைக்காரர்கள் பலர் கதவைச் சாத்திவிட்டுப் பெற்றோரைப் பார்க்கச் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். மளிகைக்காரர் ஒருவர் மளிகைக்காரர் கண்ணோடு பார்க்க வேண்டிய விழா வேறு இருக்கிறது என்பது நமது கருத்து.

அது ஆடி மாதத்தை ஒட்டி வரும் பௌர்ணமி. புத்தர் முதன்முதலில் உபதேசம் செய்த நாள் என்று அதற்கு விடுமுறை. மறுநாள், பிட்சுக்கள் மழைக்காலம் மூன்று மாதமும் ஒரே மடத்தில் தங்கத் தொடங்கும் நாள். அதற்கும் அரசு விடுமுறை உண்டு. சந்திரக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023இல் ஆகஸ்ட் 1, 2. 2024இல் ஜூலை 20, 21. 2025இல் ஜூலை 10, 11. டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு நாளும் மது விற்பனைக்குத் தடை உண்டு. 2025 மே மாதம் ஓட்டல்களுக்கும் விமான நிலையங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தார்கள், தெருமுனைக் கடைக்கு அளிக்கவில்லை. மதுவுக்காக நாம் வாதாடவில்லை. விலக்கு என்று வரும்போது அது பெரிய இடத்துக்கே போய்ச் சேருகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

நாம் சொல்ல வந்தது மஞ்சள் வாளியைப் பற்றி. பிட்சுக்கள் மடத்தில் தங்கும் காலத்துக்கு வேண்டிய பொருள்களை மக்கள் தானமாகத் தருவது அங்கே மரபு. தனி ஒரு பிட்சுவுக்கு அல்ல, மடத்துக்கே பொதுவாகத் தருவதால் அது சங்க தானம். மெழுகுவத்தி, சோப்பு, பற்பசை, தேயிலை, காவித்துணி, செருப்பு, தலைவலி மாத்திரை என்று எல்லாவற்றையும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் வாளியில் அடுக்கி, மேலே கண்ணாடித் தாள் சுற்றிக் கடைகளில் வைத்திருப்பார்கள். பாங்காக்கில் பம்ருங் முவாங் சாலையில் இதற்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே நிற்பது பெரிய ஊஞ்சல். நமது திருவெம்பாவையின் பெயர் திரிந்து வழங்கும் சடங்கு ஒரு காலத்தில் அங்கேதான் நடந்தது.

வாங்குகிறவர் வாளியைப் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே கொண்டுபோய்க் காணிக்கை வைத்துவிடுகிறார். பெறுகிறவர் துறவி, அவர் கடைக்கு வந்து சண்டை போடப் போவதில்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட சில வியாபாரிகள் என்ன செய்தார்கள்? மேலே நல்ல சரக்கு, அடியில் காகிதமும் தண்ணீர் பாட்டிலும். உடுத்த முடியாத அளவுக்குக் குட்டையான காவித்துணி. காலாவதியான மாத்திரை. சோப்புத்தூளோடு சேர்த்துக் கட்டியதால் அதன் வாடை ஏறிய தேயிலை. புகார்கள் பெருகவே அரசு தலையிட்டது. வாளிக்குள் என்னென்ன பொருள், எவ்வளவு, ஒவ்வொன்றின் விலை என்ன, கெடு எப்போது என்று வாளியின்மேல் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது இப்போது அங்கே சட்டம். நாலு பேர் செய்த காரியத்துக்கு நாணயமான கடைக்காரரும் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார்.

இதைப் படிக்கும்போது நம்மவர்களுக்குத் தீபாவளிப் பொட்டலமும் பொங்கல் தொகுப்பும் நினைவுக்கு வராமல் இராது. மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முதலாளி பிரித்துப் பார்ப்பதில்லை. வாங்கிக்கொள்ளும் தொழிலாளி வாய் திறப்பதில்லை. விற்காமல் தங்கிய சரக்கை அதில் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் நம் கடைவீதியில் யாருக்குமே வந்ததில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சென்ற ஆண்டு ஓர் உறுப்பினர் கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் ரவை வண்டு வைத்திருந்தது. இருநூறு பொட்டலமும் திரும்பி வந்தன. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, கட்டிய பையன் பழைய மூட்டையைப் பிரித்துவிட்டான். ஆனால் அந்த ஆலைக்காரர் இந்த ஆண்டு ஆர்டரை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறோம். வரும் தீபாவளிக்குக் கட்டும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பொருள், எடை, விலை, கெடு நாள் எழுதிய சீட்டு ஒன்றை உறுப்பினர்கள் தாமாகவே வைக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கூலியும் கொஞ்சம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். திரும்பி வந்த இருநூறு பொட்டலத்துக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எவ்வளவு ஆயிற்று என்று அந்த உறுப்பினரையே கேட்டுக்கொள்ளலாம். சீட்டின் மாதிரி சங்க அலுவலகத்தில் இருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் வந்து வாங்கிக்கொண்டால் அச்சடிக்க நாள் இருக்கும்.