மாசிப் பட்டத் தக்காளி: எந்த ரகம் தாங்கும்?

'கார்த்திகையில் நட்ட பெரியகுளம்-1 தக்காளி நன்றாகக் காய்த்தது. அதையே மாசியில் போட்டால் பூ கொட்டுகிறது, இலை சுருள்கிறது. கோடைக்கு ஏற்ற ரகம் எது?'
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்.

பெரியகுளம்-1 நல்ல ரகம்தான். தேனிப் பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது; தொலைதூரச் சந்தைக்குத் தாங்கும்; விதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். குறை ரகத்தில் மட்டும் இல்லை, பூக்கும் மாதத்திலும் இருக்கிறது. மாசித் தொடக்கத்தில் விதைத்தால், 25 நாளில் நடவு, அடுத்த ஒரு மாதத்தில் பூ. அது சித்திரை வெயிலில் வந்து மாட்டிக்கொள்ளும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ கொட்டுவது அதனால்தான்.

இலைச்சுருட்டு வேறு சங்கதி. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். கடையில் 'கோடை ரகம்' என்று கொடுத்தால், வெயிலைத் தாங்குமா, வைரஸைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஒன்றைத் தாங்குவது மற்றதையும் தாங்கும் என்று நம்பி விதைக்குச் செலவழிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வைரஸுக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக், அர்கா அனன்யா ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் பொருத்தமானவை. இரண்டும் பாக்டீரியா வாடலையும் தாங்கும் என்பதால் மழைக்காலத்துக்கும் உதவும். ஆனால், பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கக் கூடாது, குணம் மாறிவிடும்.

வெயிலுக்கு, ரகத்தைவிட நாள்தான் கைகொடுக்கும். விதைப்பை தைத் தொடக்கத்துக்கு நகர்த்தினால், முதல் பூக்கள் கடும் வெயிலுக்கு முன்பே பிஞ்சாகிவிடும். நாற்றங்காலை 50 மெஷ் நைலான் வலையால் மூட வேண்டும். வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைத்துவிட்டால், வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும். சுருண்ட செடிக்கு மருந்து அடிப்பது வீண் செலவு. பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

புது ரகத்தை முதல் தடவை 10 சென்ட்டில் மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.