யாருடைய தோலைப் பார்த்துப் படித்தது இந்த யந்திரம்?

கம்ப்யூட்டர் டாக்டரை வென்றுவிட்டதாம்! உடம்பில் ஒரு மச்சம் இருந்தால் செல்போனில் ஒரு போட்டோ பிடித்தால் போதுமாம். அது புற்றுநோயா இல்லையா என்று யந்திரமே சொல்லிவிடுமாம். ஏழை எளியவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கால்கடுக்க நிற்கும் காலம் போயே போய்விட்டதாம்!

பணக்காரப் பத்திரிகைகள் இந்தத் தம்பட்டத்தை ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அடித்துக்கொண்டிருக்கின்றன. தொழிலாளித் தோழர்களும் விவசாயத் தொழிலாளிகளும் இதைக் கேட்டுவிட்டு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. யந்திரத்தின் மேல் கல்லெறியவும் வேண்டியதில்லை. அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,29,450 தோல் படங்களைக் காட்டி ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். பிறகு நோய் இன்னதென்று வெட்டிப் பரிசோதித்து நிச்சயமான படங்களைக் கொடுத்து, 21 தோல் நிபுணர்களுடன் அதைப் போட்டிக்கு விட்டார்கள். யந்திரம் நிபுணர்களுக்குச் சமமாக நின்றது. இது உண்மையான விஞ்ஞான சாதனை. இதை மறுப்பவன் மூடன்.

ஆனால், யந்திரம் எப்படிப் படிக்கிறது? அதற்கு யாரும் வைத்திய சாஸ்திரம் சொல்லிக் கொடுப்பதில்லை. படத்தையும், "இது புற்று", "இது வெறும் மச்சம்" என்ற விடையையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டுகிறார்கள். தப்பாகச் சொல்லும்போதெல்லாம் உள்ளே உள்ள லட்சக்கணக்கான எண்களை அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்கிறது. தோலைப் பார்ப்பதற்கு முன்பே, நாய், பூனை, வண்டி, நாற்காலி என்று சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் சாதாரணப் படங்களைப் பார்த்துப் பழகிய யந்திரம் அது. அந்தப் படங்களுக்குப் பெயர் எழுதியது யார்? 167 நாடுகளில் இருந்த சுமார் 49 ஆயிரம் பேர், வீட்டில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குச் செய்த வேலை! யந்திரம் தானாக அறிவு பெற்றுவிட்டதாகப் பேசுகிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கைச் சொல்லுவதில்லை. அது போகட்டும்.

காட்டியதைத்தான் யந்திரம் படிக்கும், காட்டாததைப் படிக்காது. இதுதான் விஷயம். அப்படியானால் அதற்கு யாருடைய தோலைக் காட்டினார்கள்?

2,436-ல் ஒன்று!

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. உலகத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் 21 தோல் படத் தொகுப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் "லான்செட்" குடும்பத்துப் பத்திரிகை ஒன்றில் முடிவு வெளிவந்தது. மொத்தம் 1,06,950 படங்கள். அதில் 2,436 படங்களுக்குத்தான் அந்தத் தோல் எந்த நிறம் என்ற குறிப்பே இருந்தது. அந்த 2,436-ல் பழுப்புத் தோல் 10. கரும்பழுப்பு அல்லது கறுப்புத் தோல் ஒன்றே ஒன்று. எந்த இனத்தார், எந்தப் பிரதேசத்தார் என்று குறிப்பு இருந்த படங்களில் ஆப்பிரிக்கர் ஒருவர் இல்லை. நம்மைப் போன்ற தெற்காசியர் ஒருவர் கூட இல்லை. பூஜ்யம்!

வெயிலில் நாற்று நடுகிறவளின் தோலையும், பஞ்சாலையில் கதிர் ஓட்டுகிறவனின் தோலையும் பார்த்தேயிராத யந்திரம், நமக்குப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போகிறதாம்.

"மெலனோமா என்ற கொடிய தோல் புற்று வெள்ளையர்களுக்குத்தானே அதிகம்? அதனால்தான் அவர்கள் படம் அதிகம்" என்று பதில் வரும். அதிகம் என்பது உண்மைதான். நம்மிடையே அது அபூர்வம். ஆனால் அபூர்வமான நோயைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காத நோய்தான் முற்றிய பிறகு தெரிகிறது. அதோடு, கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வரும்போது பெரும்பாலும் வேறு இடத்தில் வருகிறது. வெள்ளைக்காரனுக்கு முதுகிலும் காலிலும் என்றால், நமக்கு உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி 1981-ல் 36 வயதில் இறந்தது, கால் பெருவிரல் நகத்துக்கடியில் தொடங்கிய இந்தப் புற்றினால்தான்.

வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவனுக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று இருந்தால் என்ன நினைப்பான்? முள் குத்தியது என்பான். கால் ஆணி என்பான். மண்வெட்டி பட்டு ரத்தம் கட்டியது என்பான். வெள்ளை முதுகின் மேல் உள்ள பழுப்பு மச்சங்களைப் பார்த்துப் பழகிய யந்திரமும் அதையே சொன்னால்? பயப்படாதே, போ என்று அனுப்பிவிட்டால்? தெரியாதவன் தெரியாது என்று சொல்லுவது ஒன்று. தெரியாத யந்திரம் தெரிந்ததுபோல் சதவீதக் கணக்கில் பதில் சொல்லுவது வேறொன்று.

இது வெறும் ஊகமல்ல. அதே ஸ்டான்போர்டைச் சேர்ந்தவர்கள் 2022-ல் 570 நோயாளிகளின் 656 படங்களை, கறுப்புத் தோலும் வெள்ளைத் தோலும் கலந்து வைத்து, பேர்பெற்ற யந்திரங்களைச் சோதித்தார்கள். பெருமையடித்த திறமை சரிந்தது. கறுத்த தோலில் இன்னும் மோசமாகச் சரிந்தது. ஆனால் அதே ஆராய்ச்சியில் வேறொன்றும் தெரிந்தது. அந்தப் பலவகைத் தோல் படங்களைக் காட்டி மறுபடி பழக்கியவுடன் வித்தியாசம் மறைந்தது! ஆக இந்தக் குறை விதியல்ல. வேலை செய்தால் தீரும். அந்த வேலையைச் செய்யாமலே சரக்கை விற்கப் பார்ப்பதுதான் மோசடி.

யந்திரத்தின் "புத்திசாலித்தன"த்துக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். டாக்டர்கள் சந்தேகப்படும் கட்டியைப் படம் எடுக்கும்போது அளவு தெரிய பக்கத்தில் ஒரு அளவுகோலை வைப்பது வழக்கம். யந்திரம் என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? படத்தில் அளவுகோல் இருந்தால் புற்று என்று சொல்ல! இதை 2018-ல் வெளியே சொன்னதும் அந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்களேதான். மறு வருஷம் ஜெர்மனியில், தோலில் டாக்டர் போட்ட மை அடையாளத்தைக் கண்டும் யந்திரம் சாதாரண மச்சத்தைப் புற்று என்றது. கையில் எண்ணெய்க் கறை இருந்தால் உழைக்கிறவன், இல்லாவிட்டால் சோம்பேறி என்று முடிவு கட்டும் மேஸ்திரியை நமக்குத் தெரியும் அல்லவா? அவனுடைய அறிவுதான் இதுவும்.

விஞ்ஞானிகள் தங்கள் தப்பைத் தாங்களே வெளியிடுகிறார்கள். வியாபாரிகள் அப்படியா? மெலாப், மோல் டிடெக்டிவ் என்ற இரண்டு செல்போன் சரக்குகள், மெலனோமாவைக் கண்டுபிடிப்போம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க சர்க்காரின் வியாபாரக் கமிஷன் 2015-ல் நடவடிக்கை எடுத்தது. 2020-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய ஆறு சரக்குகளைப் பற்றிய சோதனைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். எல்லாப் புற்றையும் கண்டுபிடிக்கும் என்று இவற்றை நம்ப முடியாது என்பது அவர்கள் தீர்ப்பு. அந்தச் சோதனைகளில் படம் எடுத்தது கூட நோயாளிகள் அல்ல, பெரும்பாலும் வைத்தியர்கள்!

படம் கேட்காத கேள்வி

தோழர்களே, தோல் புற்று என்பது மெலனோமா மட்டுமல்ல. உழைக்கிற மக்களைப் பிடித்த தோல் புற்றுகளின் சரித்திரம் வேறு.

1775-ல் லண்டனில் பெர்சிவால் பாட் என்ற ரண வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளின் விதைப்பையில் புற்று வருவதைக் கண்டு, புகைக் கரிதான் காரணம் என்று எழுதினார். சிறு பிள்ளைகளாக இருந்தபோதே புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். அடுத்தது நம் பஞ்சாலைத் தோழர்களின் அண்ணன்மார் கதை. லங்காஷயர் பஞ்சாலைகளில் மியூல் என்ற நூற்பு யந்திரத்தின் கதிர்களுக்கு மலிவான மினரல் எண்ணெய் விட்டார்கள். கதிர் சுழலும்போது எண்ணெய் தெறிக்கும். குனிந்து நூல் முடிகிறவனின் கால்சட்டை நனையும். வருஷக்கணக்கில் நனையும். 1922-ல் மான்செஸ்டர் ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளை இரண்டு டாக்டர்கள் புரட்டினார்கள். விதைப்பைப் புற்றுக்காரர்கள் 141 பேரில் 69 பேர் மியூல் நூற்பாளர்கள்!

இந்த உண்மை எங்கிருந்து வந்தது? புண்ணைப் பார்த்ததிலிருந்து மட்டுமா? இல்லை. "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டதிலிருந்து வந்தது. 1983 முதல் மேற்கு வங்காளத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சொரசொரவென்று தடித்து, மார்பில் மழைத்துளிபோல் புள்ளி விழுந்த கிராமத்தாரைக் கல்கத்தா வைத்தியர்கள் பார்த்தபோதும் அப்படித்தான். விசாரித்துக்கொண்டே போனார்கள், குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஆர்சனிக் விஷம் பிடிபட்டது. அந்த விஷம்தான் பின்னால் தோல் புற்றாகவும் முற்றுகிறது.

வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் போட்டோவில் மில் தெரியாது. எண்ணெய் தெரியாது. கிணறு தெரியாது. எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாய் என்பது தெரியாது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2023-ல் சொன்ன கணக்கு இது: மெலனோமா அல்லாத தோல் புற்றுச் சாவுகளில் மூன்றில் ஒன்று, வெயிலில் வேலை செய்ததனால் வந்தது. 2019-ல் மட்டும் சுமார் 19 ஆயிரம் பேர்! இந்த நோய்க்கு மருந்து முதலில் நிழல், வேலை நேர மாற்றம், உடம்பை மூடும் துணி. போட்டோ அப்புறம்.

கண்டுபிடித்தால் போதுமா? அதையும் லங்காஷயரே சொல்லுகிறது. 1926-லேயே சர்க்கார் கமிட்டி அறிக்கை கொடுத்தது. தொழிலாளிகளை டாக்டர் பார்த்தே தீர வேண்டும், எண்ணெய் இன்னதாக இருக்க வேண்டும் என்ற சட்டபூர்வமான விதி 1953-ல்தான் வந்தது. இருபத்தேழு வருஷம்! நோயும் தெரியும், காரணமும் தெரியும், செய்யத்தான் மனமில்லை. இந்த இருபத்தேழு வருஷத்தைக் குறைக்கிற செல்போன் எந்தக் கடையில் கிடைக்கிறது?

"டாக்டர் இல்லாத ஊருக்கு யந்திரமாவது இருக்கட்டுமே" என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. யந்திரம் "சந்தேகம்" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்ன? சதையில் ஒரு துணுக்கு வெட்ட வேண்டும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். புற்று என்றால் அறுக்க ரண வைத்தியர் வேண்டும். நாலு நாள் கூலி போனால் அடுப்பெரிய வழி வேண்டும். இவ்வளவும் இல்லாத ஊரில் யந்திரம் செய்வது, சாகப் போகிறாய் என்று முன்கூட்டித் தந்தி அடிப்பதுதான். இவ்வளவும் இருக்கும் ஊரிலோ, பழகிய நர்ஸ் கையில், டாக்டரின் மேற்பார்வையில் இந்த யந்திரம் நல்ல உதவி செய்யலாம். வேண்டாம் என்று யார் சொன்னது?

எனவே விற்க வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது சில்லறைச் சலுகையல்ல, கணக்கு. உன் யந்திரத்துக்குக் காட்டிய படங்களில் கறுத்த தோல் எத்தனை? உள்ளங்கால் எத்தனை, நகம் எத்தனை? இந்திய ஆஸ்பத்திரிகளில், உன்னிடம் காசு வாங்காத டாக்டர்கள் சோதித்தார்களா? எத்தனை புற்றைத் தவறவிட்டது? தவறவிட்டால் பொறுப்பு யாருக்கு? நாளைக்கு இந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்து நம் உடம்பைப் படம் பிடிக்கும்போது, நம் சம்மதம் கேட்பாயா? அந்தப் படத்தால் செய்த யந்திரம் அதே ஆஸ்பத்திரிக்கு இலவசமாக வருமா, அல்லது நம் தோலையே நமக்கு விலைக்கு விற்பாயா? பதிலைச் சர்க்கார் எழுத்தில் வாங்கி, தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டட்டும்.