முதல் ரவுட்டர் வாங்குவோர்க்குச் சில சொற்கள்

இலங்கைத் தேயிலை கடதாசிச் சாக்குகளில் அடைக்கப்படுவதற்கு முன்னர், ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலே கப்பலேறிற்று. கழிக்கப்பட்ட அப்பெட்டிகள் மலையகத்து லயன் காம்பராக்களிலே சுவாமித் தட்டாகவும் புத்தக அலுமாரியாகவும் மறுபிறவி எடுத்தன. வாளும் சுத்தியலும் உளியுமே அன்றைய மூலதனம். ஆதலால், மரவேலை நம்மவர்க்குப் புதிய வித்தையன்று. புதியதெல்லாம் மின்சாரம் புகுந்த கருவிகளே. அவற்றுள், பழகத் தொடங்கும் இளைஞரை முதலில் மயக்குவது ரவுட்டர்.

ரவுட்டர் என்பது யாது? நிமிடத்திற்கு 10,000 முதல் 30,000 தடவை வரை சுழலும் சிறு வெட்டலகைக் கொண்டு மரத்தைக் குடையும் கைப்பொறி. படச்சட்டத்திற் கண்ணாடி அமரும் தவாளிப்பு, மேசை விளிம்பின் உருட்சி, தட்டுகள் பொருந்தும் பள்ளம் ஆகியவற்றை உளியினால் அரைநாள் செதுக்குவதை இது அரைமணியில் முடித்துவிடும். ஆனால், நல்ல வேலையை விரைவாகச் செய்யும் கருவி, பிழையையும் அதே விரைவோடு செய்யும் என்பதை மறத்தலாகாது.

கடைக்குச் செல்பவர் பெரிதே சிறந்தது என எண்ணுதல் இயல்பு. அரை அங்குலக் காம்புடைய வெட்டலகை ஏற்கும் பெரிய பொறி 5 கிலோகிராமுக்கு மேலும் நிறையுள்ளது. அது கதவும் யன்னலும் செய்வோர்க்கே உரியது. ஓய்வு நாளில் ஒரு சிறு மேசை செய்ய விரும்புவோர்க்குக் கால் அங்குலக் காம்பை ஏற்பதும், 500 முதல் 700 வாற் வரை வலுவுடையதும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தக்கதுமான சிறிய ரவுட்டரே போதும். இதனை ‘டிரிம்மர்’ என்றும் கூறுவர். ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையே உடையதாதலின், புதிய கைக்கு அடங்கி நிற்கும்.

காம்பின் அளவில் ஒரு நுட்பம் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். சில வெட்டலகுகளின் காம்பு 6 மில்லிமீற்றர். வேறுபாடு மயிரிழைதானே என்று ஒன்றன் பிடியில் மற்றதைப் பொருத்தினால், சுழலும் வேளையில் அலகு கழன்று பாயக்கூடும். பழைய பொறி வாங்குவோர் அதன் மின் அழுத்தத்தையும் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஜப்பான் வீடுகளுக்கெனச் செய்யப்பட்ட 100 வோல்ற் பொறியை இங்கு நேரே இணைத்தால் கருகிவிடும். மலிவென்று வாங்கியது மண்ணாய்ப் போகும்.

வெட்டலகுகளைப் பெட்டி நிறைய வாங்குதல் வீண். நேரலகு, விளிம்பை உருட்டும் அலகு, படிவெட்டும் அலகு ஆகிய மூன்று தரமானவை முதலாண்டிற்குப் போதும். தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்ட சவுக்கு, அதாவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவிலியா, பழகுவதற்கு இசைவான மரம். ஆயினும், நம் மலைப்பனியில் ஈரம் வற்றாத பலகை வேலை முடிந்தபின் முறுக்கிக்கொள்ளும். எனவே நன்கு உலர்ந்ததையே எடுத்தல் வேண்டும்.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இக்கருவிக்கே சொன்னதுபோல் அமைந்துள்ளது. ஒரே வீச்சில் முழு ஆழத்தையும் வெட்டாது, 3 மில்லிமீற்றருக்கு மேற்படாமற் படிப்படியாக இறக்குக. பலகையின் வெளிவிளிம்பை வெட்டுகையில் பொறியை இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள்விளிம்பில் வலஞ்சுழியாகவும் நகர்த்துக. மாறிச் சென்றால் பொறி கையை மீறி ஓடும். நான்கு பக்கமும் வெட்டுவதாயின், நார் குறுக்கே அறுபட்ட பக்கங்களை முதலில் முடித்துவிடுக. அங்கு மூலை சிறிது பிளந்தாலும், நெடும்பக்கத்தை வெட்டும்போது அது நீங்கிவிடும். அலகை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றுதல் மாறா விதியாகுக.

இவை யாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது. ரவுட்டர் எழுப்பும் தூளோ மிக மெல்லியது. பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவில் சமையலும் தொட்டிலும் பள்ளிப் பிள்ளையின் பாடப்புத்தகமும் அருகருகே இருக்கும்போது, தந்தையின் பொழுதுபோக்குத் தூளை வீடு முழுவதும் சுவாசிக்க நேரும். ஆகவே மழையற்ற நாளில் இஸ்தோப்பிலோ வெளிமுற்றத்திலோ, ட்றிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து வேலை செய்க. முகமூடி, கண்ணாடி, காதடைப்பு ஆகிய மூன்றுக்குமான பணத்தைப் பொறியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுக. அதற்குப் பணம் போதாதெனில், பொறியை வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதே பொருள்.

2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியதிலிருந்து, கருவி பிடிக்கும் கைக்கும் கல்வியில் ஓரிடம் கிடைத்துள்ளது. மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: முதலில் சீவுளியையும் உளியையும் கூர்தீட்டப் பழகுங்கள். நாரின் போக்கைக் கைவிரல் அறிந்தபின், அனுபவமுள்ள ஒருவர் அருகிருக்க ரவுட்டரைத் தொடுங்கள். பதறாத காரியம் சிதறாது. குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வரும் பொறி, பிள்ளை அமர்ந்து படிக்க ஒரு மேசையைத் தந்தால், அதைவிட நல்ல வட்டி வேறில்லை.