வெக்கையின் தலையில் கட்டும் பழி

பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் எந்த வருத்தத்துக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: வெக்கை. நெஞ்சு எரிந்தாலும் வெக்கை, பசிக்காவிட்டாலும் வெக்கை, நித்திரை வராவிட்டாலும் வெக்கை. ஆரோடும் கதைக்கப் பிடிக்காமல் ஒருவர் முடங்கிக் கிடந்தாலும் அதுவே. "ஒரு மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதலும் கூடவே வரும். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மறுபாதியின் பொய் இவ்வளவு காலமும் தப்பி நிற்கிறது.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டின் லீமா நகரில் 1990களில் நடந்த ஆய்வொன்றில், சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது வயிற்றோட்டத்தோடு சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் தொகை சுமார் 8 சதவீதம் கூடியது. சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். கிணறு வற்றினால் கை கழுவுவதும் குறையும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போய் மத்தியானம் வரை வேர்வை சிந்துகிறவருக்கு மலச்சிக்கல் வருவதிலும் புதினம் இல்லை. வயிற்றில் வெயிலின் பங்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

மழை வந்தால் வயிறு சரியாகும் என்பது, எல்லாவற்றுக்கும் வெக்கையைப் பழிப்பதைவிடப் பிழை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியான வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும். இறைத்து, குளோரின் போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சரியென்று சொல்லும் வரை அந்தக் கிணற்றில் வாய் வைக்கக்கூடாது. காலபோக வயலில் சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் மழையோடுதான் வருகிறது. அதிலும் சத்தி, வயிற்றோட்டம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது.

இனி மனது. மப்பும் மந்தாரமுமாக இருந்தால் மனம் சோரும் என்று இப்போது கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள சொந்தங்களும் தொலைபேசியில் சொல்கிறார்கள். பகல் வெளிச்சம் குறையும் அவர்களின் இடத்துக்கு அது பொருந்தும். மார்கழியில் ஒஸ்லோவில் ஆறு மணித்தியாலந்தான் பகல். வன்னியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். குளிர்நாட்டுச் சோர்வை அப்படியே இங்கே இறக்க முடியாது.

2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வை வெயிலின் தலையில் கட்டும் பேச்சுக்கு நேரடியான பதில். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. போரால் அப்போதும் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடையே அது ஐந்தில் இருவர். இரு பகுதியினர் மேலும் அடித்தது ஒரே வெயில். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போய் அமர்ந்த தாய்மாரின் நித்திரையின்மையை எந்தப் பருவத்தின் கணக்கில் எழுதுவது?

வானம் மனதைத் தொடத்தான் செய்கிறது, ஆனால் வயல் வழியாக, கடன் வழியாக. 2016-17 வரட்சியில் விளைச்சல் போனபோது நுண்கடன் தவணை நிற்கவில்லை. வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்கும் நிலைக்கு அது போனது. கடன் சேர்ப்பவர் படலையடியில் வந்து நிற்கும் நாளில் ஒரு பெண்ணுக்கு வயிறு பிசைந்தால், அதற்கு வெப்பமானி தேவையில்லை.

வெளிநோயாளர் பிரிவு வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்க்கலாம். மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இதுக்குள்ள எரியுது, ஒண்டும் இறங்குதில்லை" என்பார். 'காஸ்ட்ரிக்' என்று ஒரு பேரும் குளிசையும் கிடைக்கும். துயரத்தை எம்மவர் உடம்பின் மொழியில்தான் சொல்கிறார்கள் என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவருகிறார். அதற்காக எல்லா எரிவும் மனமென்றும் சொல்லேன். நாரிநோவுக்கும், உடம்பில் தங்கிப்போன செல் துண்டின் நோவுக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் டைக்குளோபினாக் இரைப்பையைப் புண்ணாக்கும். கறுத்த மலம், காரணமில்லாமல் மெலிதல், விழுங்கக் கஷ்டம் எதுவும் வெக்கையின் வேலையல்ல. வவுனியாவில் சிறுநீரக நோய் பரவலாக இருக்கையில், பசியின்மையும் குமட்டலும் வாரக்கணக்கில் நீண்டால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

கடைசியாக, மனநலக் கிளினிக்கில் லிதியம் குளிசை எடுப்பவர்களின் வீட்டாருக்கு. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லிதியத்தின் அளவு ஏறி நஞ்சாகும். முதலில் தெரிவது சத்தியும் வயிற்றோட்டமும் கை நடுக்கமும். பார்ப்பவருக்கு அது அப்படியே வெக்கை போலத்தான் இருக்கும். இளநீர் குடுத்துப் படுக்க வைக்காமல், அடுத்த வேளைக் குளிசையைக் குடுக்க முன்னம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.