வட்டில் ஏறுக வளர்தமிழ்!

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளியொன்றில், மாணவன் ஒருவன் கணிப்பொறிமுன் அமர்ந்து தமிழில் ஒரு வினாத் தொடுக்கின்றான் என்க. இணைப்பு இருப்பின் விடை வரும். அறுந்தால் வெறுந்திரையே எஞ்சும். தமிழனின் அறிவுக்களஞ்சியம் ஒரு கம்பியின் நுனியில் தொங்குவதா?

அறுந்தாலும் விடை தர வழியுண்டு. இன்றைய இணையப் பக்கம் முன்பே எழுதிவைத்த ஓலையன்று. கேட்பவன் கேட்ட பின்னரே, தரவுத்தளத்தைத் துழாவி, வழங்கி எனும் பொறி அதனை ஆக்கித் தருகின்றது. ஆதலின் பக்கங்களை மட்டும் படியெடுத்து வட்டில் பதித்தால் தேடுபெட்டி ஊமையாகிவிடும். தரவும், தேடித்தரும் மென்பொருளும் ஒருங்கே ஏறல் வேண்டும். மாணவன் புதிதாய் எழுதுவதை வட்டு ஏலாது. பள்ளிக் கணிப்பொறியின் வன்தட்டு ஏற்கும். இவ்வளவே நுட்பம்!

2005 ஏப்பிரல் 15-ஆம் நாள் நடுவணரசு சென்னையில் தமிழ்க் குறுவட்டொன்றை வெளியிட்டது. எழுத்துருக்களும் மென்பொருள்களும் அதில் இருந்தன. எழுதுகோல் கிடைத்தது; நன்று. நூலகம் எங்கே? 2010-இல் மலையாளத்தார் தம் விக்கிப்பீடியாவினின்று 500 கட்டுரைகளைத் தேர்ந்து குறுவட்டாக்கினர். தமிழ் விக்கிப்பீடியாவிலோ இன்று ஒன்றரை நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள. அவற்றை ஒரே கோப்பாக்கி, இணைப்பின்றியே தேடிப் படிக்கவும், ஒரு கணிப்பொறியினின்று வகுப்பறை முழுமைக்கும் வழங்கவும் 'கிவிக்சு' எனும் மென்பொருள் உதவுகின்றது. அதற்கு விலையில்லை. விலையில்லாப் பொருளைக் கொள்ளவும் தமிழன் கை நீளாதா?

"கைப்பேசி இல்லாதார் எவர்? வட்டின் காலம் முடிந்ததே!" என நகைப்பார் உளர். வட்டைச் செருகும் வாயில் புதுக் கணிப்பொறிகளில் இல்லை என்பது மெய்யே. ஓலை போய்த் தாள் வந்தது. வட்டு போய் விரலி வந்துள்ளது. கலம் மாறுக! கலத்துள் இடவேண்டிய தமிழ் மாறுமோ? கைப்பேசி இருந்தென்? அலைக்கோபுரம் எட்டாத ஊரிலும், கட்டணம் தீர்ந்த நாளிலும் அது வாய் திறவாதே!

இன்னொன்றும் எண்ணுக. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு மாண்டன. ஓரிடத்தில் மட்டும் உள்ளது ஒருநாளில் அழியும். ஊர்தோறும் உள்ளதை எத்தீயும் தீண்டாது. எங்கோ உள்ள வழங்கியொன்றையே நம்பியிருப்பார் இதனை மறவற்க!

ஆகவே, அரசு மாணவர்க்கு வழங்கும் மடிக்கணிப்பொறி ஒவ்வொன்றிலும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஏற்றப்பெறல் வேண்டும். பள்ளிதோறும் ஒரு படி வைத்து, ஆண்டுதோறும் அதனைப் புதுக்கல் வேண்டும். முகப்பும் கட்டளையும் தமிழிலேயே அமைதல் வேண்டும். அரசு செய்யும்வரை காத்திராமல், கற்ற இளைஞர் ஒரு விரலியோடு தம்மூர்ப் பள்ளியின் வாயிலை மிதிப்பாராக. கீழ்பென்னாத்தூரில் தொடங்கினாலும் தொடக்கம் தொடக்கமே!