திறமைக்குத் தரும் காசில் கைவைக்கலாமா?



ஏழை மாணவருக்கு அரசு உதவ வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. நன்றாகப் படிக்கும் மாணவருக்கும் உதவ வேண்டும் என்றால் மட்டும், "அவன் எப்படியும் முன்னேறிவிடுவானே" என்கிறார்கள். வசதியுள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை, கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அடுத்த படியை எட்ட யாராவது கைகொடுக்கத்தான் வேண்டும்.

அப்படிக் கைகொடுத்தவற்றுள் ஒன்று தேசியத் திறனாய்வுத் தேர்வு. 1963இல் தொடங்கிய இத்திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி. நடத்தி வந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் முதலில் மாநில அளவிலும், பின்பு தேசிய அளவிலும் எழுதினார்கள். ஏறத்தாழ 2000 பேருக்கு மேல்நிலை வகுப்பில் மாதம் 1250 ரூபாயும், கல்லூரியில் 2000 ரூபாயும் கிடைத்தது. 2021 மார்ச் 31 வரைதான் திட்டத்துக்கு ஒப்புதல் இருந்தது. அதன்பின் இதே வடிவில் தொடர அனுமதி இல்லை என்று கூறி நிறுத்தி வைத்தார்கள். இளம் அறிவியல் மாணவர்களுக்காக 1999இல் தொடங்கப்பட்ட கிஷோர் வைக்யானிக் திட்டத் தேர்வும் 2022இல் கைவிடப்பட்டு, இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

பணம் இல்லாமலா நிறுத்தினார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 மாணவர், மாதம் 1250 ரூபாய், பன்னிரண்டு மாதம்: ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஓர் ஆண்டில் நாடு முழுவதும் தேர்வானவர்களுக்கு மேல்நிலை வகுப்பில் ஆகும் ஆண்டுச் செலவு இவ்வளவுதான். ஒரு சிறு பாலத்துக்கே இதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

அத்தேர்வில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குடும்ப வருமான வரம்பு கிடையாது. பயிற்சி மையங்கள் அதைப் பெரும் வியாபாரமாக்கி, வென்றவர்களின் படத்தைச் சுவரெங்கும் ஒட்டின. அதற்கு மருந்து வருமான வரம்பு வைப்பதும், கிராமப்புறத்துக்கு இடம் ஒதுக்குவதும்தான். குறையைக் காட்டித் திட்டத்தையே மூடினால், இழப்பு பயிற்சி மையத்துக்கு அல்ல. பயிற்சிக்குப் போக முடியாத பிள்ளைக்குத்தான்.

நம் மாநிலத்துக்கு வருவோம். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தேர்வாகி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1000 ரூபாய் பெறுகிறார்கள். மாதத்துக்கு 84 ரூபாய்கூட ஆகவில்லை! 2023இல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு பாராட்டத்தக்கது: 1000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு வரை. ஆனால் அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. நம் மறைமாவட்டங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களும் அதே தெருவின் பிள்ளைகள்தானே? காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, உங்கள் தொகுதி உறுப்பினர் இவ்விரண்டையும் எழுப்பலாம்: ஊரகத் தேர்வின் தொகையை உயர்த்துவது, உதவிபெறும் பள்ளிகளைச் சேர்ப்பது. நாடாளுமன்ற உறுப்பினர் தேசியத் தேர்வு பற்றிக் கல்வி அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி கேட்கலாம். கல்விக்கான நிலைக்குழுவும் நிதி ஒதுக்கீட்டை ஆராய்கிறது. பங்குப் பேரவையும் பெற்றோர்-ஆசிரியர் கழகமும் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதி, தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் இத்தேர்வுகளில் வென்ற மாணவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் தலைமையாசிரியரிடம் கேட்டு அதோடு இணையுங்கள்.