அடிமாட்டு விலை



"அடிமாட்டு விலைக்குக் கேக்குறான்" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். பழைய சாமான் விற்கும்போது சொல்கிறோம், கூலி பேசும்போது சொல்கிறோம். அந்த அடிமாட்டுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை நம்பித்தான் சேரியில் ஒரு சனம் நாளை ஓட்டுகிறது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. இந்த இதழில் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு மாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். இங்கே மாடு இல்லாமல் இல்லை. மார்கழி வந்தால் டி.டி.கே. சாலையைச் சுற்றியுள்ள சபாக்களில் ஒலிக்கிற மிருதங்கம், மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் சேர்ந்து செய்தது. அதைச் செய்கிற, பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குத் தருவதாகச் சொன்ன அரங்கைக் கலாஷேத்திரா கடைசி நேரத்தில் தர மறுத்துவிட்டது. நாதம் வேண்டும், தோல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு மட்டும் ஆகாது. தோல் மாட்டிலிருந்து வருகிறது. மாடு சந்தையிலிருந்து வருகிறது. எனவே சந்தைக்குப் போவோம்.

பொள்ளாச்சி, மணப்பாறை, ஈரோடு கருங்கல்பாளையம், வேலூர்ப் பக்கம் பொய்கை. எந்தச் சந்தையிலும் மாட்டை நடுவில் நிறுத்தி ஏலம் கூவுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், எத்தனையாவது ஈத்து என்று கேட்பார்கள். பிறகு தரகர் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பிடித்த விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. விற்பது அவள் மாடுதான், விலை பேசுவது அவள் கை இல்லை.

மாடு ஏலம் போவதில்லை, சந்தைதான் ஏலம் போகிறது. உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் சுங்கம் வசூலிக்கிற உரிமையை நகராட்சியோ ஊராட்சியோ ஏலம் விடுகிறது. அந்த ஏலத்தில் கைதூக்குகிறவர் யார், எந்தத் தெரு என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் ஒரு தலித்தைத் தலைவர் நாற்காலியில் உட்காரவிடாமல் தடுத்தார்களே, அந்த நாற்காலி ஊர்ப் பொதுச்சொத்தை ஏலம் விடுகிற நாற்காலி என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

நான் வங்கிக் குமாஸ்தா. சென்னைக்கு மாற்றலாகி வருமுன் வடமாவட்டக் கிளையொன்றில் கறவைமாட்டுக் கடன் பார்க்கிற மேசையில் இருந்தேன். நிலம் உள்ளவருக்கு மாடு ஒரு உபதொழில். நிலம் இல்லாதவருக்கு அதுதான் வங்கி. பால் அன்றாடச் செலவு. கன்று வட்டி. பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம் என்று எது வந்தாலும் கயிற்றை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டுவதுதான் 'வித்டிராயல்'. சொந்த மாடு வாங்க வக்கில்லாதவர்கள் ஊர்த்தெரு மாட்டை வாரத்துக்குப் பிடித்து வளர்க்கிறார்கள். தீனி இவர்கள் போட வேண்டும், விற்ற காசில் பாதி அவர்களுக்குப் போய்விடும்.

இந்த வங்கியின் கணக்கு எங்கே முடிகிறது? கடைசி விற்பனையில்தான் முடிகிறது. நாற்பதாயிரத்துக்கு வாங்கிய மாடு நாலைந்து ஈத்துக்குப் பின் வத்திப்போய், பதினைந்தாயிரத்துக்கு அடிமாடாகப் போகிறது என்று வையுங்கள். அந்தப் பதினைந்தாயிரத்தில்தான் அடுத்த கெடேரி வாங்க வேண்டும். அந்த விற்பனையை அடைத்துவிட்டால் பதினைந்தாயிரம் போனது மட்டுமில்லை. ஒரு நாளைக்கு நூறு ரூபாய்த் தீனி என்றாலும் மாதம் மூவாயிரம், அதைப் பால் தராத மாட்டுக்குக் கொட்ட வேண்டும். கறிக்கடைக்காரர் கொடுக்கிற விலைதான் மாட்டு விலையின் தரைமட்டம். தரையைத் தோண்டினால் மேலே இருக்கிற கறவை மாட்டின் விலையும் சேர்ந்து இறங்கும்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்று சான்று பெற்ற மாட்டையே வெட்ட அனுமதிக்கிறது. 1976 அரசாணை பசுவை வெட்டவே கூடாது என்றது. வத்திய மாடுகள் லாரி ஏறி கேரளத்துக்குப் போவது இப்படித்தான். இதற்கு மேல் 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக்கூடாது என்ற வரியைத்தான் எல்லோரும் பேசினார்கள். கிண்டி ஐ.ஐ.டி. மாணவர்கள் அதை எதிர்த்து மாட்டுக்கறி விருந்து நடத்தினார்கள், அதற்காக ஒரு மாணவர் தாக்கப்பட்டார். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அதே விதியில் இன்னொரு வரி இருந்தது. மாடு வாங்குகிறவர் விவசாயிதானா என்பதை வருவாய்த்துறை ஆவணத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற வரி. வாங்கிய மாட்டை ஆறு மாதம் விற்கக்கூடாது என்றும் இருந்தது.

வருவாய்த்துறை ஆவணம் என்றால் நம்ம ஊரில் என்ன? பட்டா, சிட்டா, அடங்கல். அது யாரிடம் இருக்கிறது? நாற்று நடுகிறவளிடம், களை எடுக்கிறவளிடம், அறுக்கிறவளிடம் இல்லை. 1892-இல் ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். நிலத்தையும் கொடுக்காமல், நிலம் இல்லாதவன் விவசாயி இல்லை என்றும் சொன்னால், அது யாருக்கான விதி? 2011-இல் தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடும் ஆடும் கொடுத்தபோது, நிலமற்ற, துண்டு நிலம் மட்டுமே உள்ள ஏழைப் பெண்களைத் தேடிக் கொடுத்தது. அங்கே தகுதியாக இருந்தது டெல்லி விதியில் தகுதிக்குறைவாகிவிட்டது.

அந்த மே 30-ஆம் தேதியே மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்சநீதிமன்றம் தடையை நாடு முழுக்க விரித்தது. 2018-இல் 'வெட்டுதல்' என்ற சொல் இல்லாத வேறொரு வரைவு வந்தது. ஆனால் சிட்டா கேட்கிற மனசு அந்த விதிக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. விவசாயத்துக்கும் கால்நடைக்குமான கடனுக்கு 2019 முதல் ரூ.1.6 லட்சம் வரையும், 2025 ஜனவரி முதல் ரூ.2 லட்சம் வரையும் ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உத்தரவு பைலில் இருக்கும், மேசையில் "சிட்டா இருக்காம்மா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஒரு அம்மா திருப்பிக் கேட்டார்: "நெலம் இருந்தா நான் ஏன் சார் மாட்டுக்கு லோன் கேட்டு வர்றேன்?" இந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.

செத்த மாட்டுக்கு மட்டும் நம்மிடம் யாரும் ஆவணம் கேட்பதில்லை. காப்பீட்டுப் பணத்துக்குக் காதுவில்லை வேண்டுமென்றால், அதை அறுத்தெடுக்கச் சேரிக்கு ஆள் வரும். குஜராத் ஊனாவில் 2016 ஜூலை 11 அன்று செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். உச்சநீதிமன்றத் தடைக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு. அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளைக் கலெக்டர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள், குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம் கேட்டார்கள்.

1927 மகாத்திலேயே அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதையும் இழுப்பதையும் விடச் சொன்னார். அதையே இன்றைக்குச் சிலர் நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள்: "உங்க தலைவரே மாட்ட விடச் சொன்னாரே?" அவர் விடச் சொன்னது பிணத்தை இழுக்கிற இழிவை. உயிருள்ள மாட்டின் விலையை விடச் சொல்லவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல் உரிப்பதை நம் கலாச்சாரம் என்று கொண்டாடுகிற முற்போக்கு நண்பர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் கேட்பது இவ்வளவுதான். விவசாயக் கூலியும் விவசாயி என்று எழுதுங்கள். மாட்டுக்கடனுக்குச் சிட்டா கேட்காதீர்கள். சந்தைச் சுங்க ஏலத்தில் நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். வத்திய மாட்டை விற்பதும் வெட்டுவதும் தின்பதும் மாட்டுக்காரரின் உரிமை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த லீவில் உங்கள் பக்கத்துச் சந்தைக்கு விடியற்காலை போய் நில்லுங்கள். யார் மாடு, யார் தரகர், சுங்கம் எவ்வளவு, சீட்டில் எழுதியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று நாலு பேரிடம் கேட்டு, பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம். துண்டுக்கு அடியில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.